தோற்றால் கையில் என்ன மிஞ்சும்? ஒரு புள்ளி வைத்திருக்கும் வன்னிப் பொடியனின் டென்னிஸ் கணக்கு

விசுவமடுப் பக்கத்துப் பொடியன் ஒருவன். வயது 19. சின்னனிலேயே கொழும்பில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தவன். பாடசாலை அணியில் டென்னிஸ் பழகி, கொழும்பில் நடக்கும் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் சம்மேளனம்) கனிஷ்ட போட்டிகளில் ஆடி, பிறகு இந்தியாவுக்குப் போய் எம்15 என்ற அடிமட்டத் தொழில்முறைப் போட்டி ஒன்றில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தை வென்றுவிட்டான். அதற்கு, ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபியின் தரவரிசைப் புள்ளி ஒன்று கிடைத்தது. ஆண்கள் ஒற்றையர் தரவரிசையில் சுமார் 2,000 பேர் இருக்கிறார்கள். ஒரு புள்ளிக்காரர் அதில் 1,500க்கு அப்பால்தான் நிற்பார். என்றாலும் பட்டியலில் பெயர் இருக்கிறது. உயர்தரமும் எழுதியாயிற்று. இனி என்ன செய்வது?

கேள்வி என்னிடம் வந்தது எனக்கு டென்னிஸ் தெரியும் என்பதற்காக அல்ல. நான் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிப்பிக்கிற ஆள். "ஆட்டத்தை அவன் பாத்துக்கொள்ளுவான் சேர், காசை நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் தகப்பன். விம்பிள்டன் இறுதியாட்டத்தை ரீவியில் பார்ப்பதோடு சரி என்றிருந்த நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இதே மாதிரி முடிவெடுக்க நிற்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் சனம் முதலில் கேட்பது "வென்றால் எவ்வளவு வரும்?" என்றுதான். நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கினேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது, பொடியனுக்கு 24 வயது, முதல் 300 பேருக்குள் அவன் வரவில்லை. அப்படி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வழியும் அவன் கையில் எதை மிச்சம் விட்டிருக்கும்? இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நடப்பது அதுதான்.

முதல் வழி, பொடியன் ஆசைப்படுகிற வழி: முழுநேரமாகப் போட்டிகளுக்குப் போவது.

ஆண்கள் டென்னிஸின் அடிப்படியில் ஐடிஎஃப் நடத்தும் எம்15, எம்25 போட்டிகள். அதற்கு மேல் சலஞ்சர். அதற்கும் மேல்தான் நாங்கள் ரீவியில் பார்க்கும் ஏடிபி போட்டிகளும் கிராண்ட் ஸ்லாமும். எம்15 என்றால் முழுப் போட்டிக்குமான பரிசுப் பணம் 15,000 டொலர். ஒற்றையர் கிண்ணத்தை வெல்கிறவருக்கு 2,160 டொலர். பிரதான சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 156 டொலர். அதற்கும் முந்திய தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. ஒரு டொலர் 300 ரூபாய் என்று போட்டால் வென்றவருக்கு ஆறரை லட்சம் ரூபாய், முதல் சுற்றில் தோற்றவருக்கு 46,800. கிளிநொச்சியில் இருந்து பார்க்க மோசமில்லை என்றுதான் தோன்றும். வரி, பிளேன் டிக்கெட், விசா, ஹோட்டல், சாப்பாடு, அடிக்கடி அறுகிற ஸ்ட்ரிங் என்று கழித்துக்கொண்டு வந்தால் வென்ற வாரத்திலேயே மிச்சம் கொஞ்சம்தான். எல்லா வாரமும் வெல்ல முடியுமா?

ஐடிஎஃப்பே ஒரு தடவை இந்தக் கணக்கைப் பார்த்தது. 2013ஆம் ஆண்டுத் தரவுகளின்படி ஒரு ஆண் வீரருக்கு வருடச் சராசரிச் செலவு 38,800 டொலர், பெண்ணுக்கு 40,180 டொலர். பயிற்றுநருக்குக் கொடுக்கும் சம்பளம் இதில் இல்லை. வரவும் செலவும் சமப்படும் இடம் ஆண்களில் 336ஆம் தரவரிசை, பெண்களில் 253. 2018இல் ஆட்ட மோசடிகளை விசாரித்த சுயாதீன மீளாய்வுக் குழுவும் அதையொட்டியே சொன்னது: தொழில்முறை வீரர் என்ற பெயரில் ஏறத்தாழ 15,000 பேர், செலவை ஈடுகட்டுமளவு சம்பாதிப்பவர்கள் 250 முதல் 350 பேர். 38,800 டொலரை இன்றைய எங்கள் காசுக்கு மாற்றினால் ஒரு கோடியே 16 லட்சம் ரூபாய். அதுவும் 2013ஆம் ஆண்டு விலைவாசியில்.

2024இல் ஏடிபி ஒரு நல்ல காரியம் செய்தது. முதல் 100 பேருக்கு வருடத்துக்குக் குறைந்தது 3 லட்சம் டொலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000 டொலர் என்று வருமான உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது. பொடியன் இதை எனக்கு ஃபோனில் காட்டியபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் வேலி 250ஆம் இடத்தில் போட்டிருக்கிறது. அவன் நிற்பது அதிலிருந்து 1,200 பேருக்கு அப்பால்.

இதில் இடமும் கடவுச்சீட்டும் ஒரு பெரிய விஷயம். ஐரோப்பியப் பொடியன் காரில் ஏறி அடுத்த நாட்டுப் போட்டிக்குப் போய்விடுவான், தோற்றால் இரவே வீட்டுக்குத் திரும்புவான். மற்றவர்கள் துனீசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டாலியா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தங்கிவிடுவார்கள். அங்கே ஒரே இடத்தில் வாராவாரம் அடுத்தடுத்து எம்15 நடக்கும், பயணச் செலவு மிச்சம். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரனுக்கோ பெரும்பாலான நாடுகளுக்கு விசா முதல் தடை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் திகதி ஒரு பக்கம், தூதரகம் கொடுக்கும் திகதி இன்னொரு பக்கம்.

எங்களுக்கு இருக்கும் ஒரே அனுகூலம் சென்னை. கிளிநொச்சியிலிருந்து பலாலிக்குப் போய் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் அங்கே. இந்தியாவில் எம்15, எம்25 போட்டிகள் நடக்கின்றன. பாஷைப் பிரச்சினை இல்லை, சோறு கிடைக்கும், ஒரு சொந்தக்காரர் வீடாவது இருக்கும். முழுநேரமாகப் போவதென்றால் முதல் வருடத்தை இந்தியாவுக்குள்ளேயே முடிக்கலாம். மொனாஸ்டிரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இந்த வழியில் போனவர்களின் கதைகளில் எல்லாரும் சொல்வது சுமித் நாகலின் கதை. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, போட்டித் தரப்படுத்தலில் 31ஆவதாக இருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். அதே வருடம் ஜூலையில் 68ஆம் இடத்துக்குப் போனார். சரி, அந்த ஆஸ்திரேலிய ஓபனுக்கு நாலு மாதம் முந்தி, 2023 செப்டெம்பரில், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். அப்போது அவர் 159ஆம் இடத்தில், இந்தியாவின் முதல்நிலை வீரர். ஒரு பயிற்றுநரோடு ஆட வருடத்துக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி இந்திய ரூபாய் போகிறது என்றார். இந்தியன் ஓயில் நிறுவனத்துச் சம்பளம், ஓர் அறக்கட்டளையின் உதவி எல்லாம் இருந்தும் அந்த நிலைமை. கணக்கீட்டு ஆசிரியன் கண்ணில் படுவது 68 அல்ல, 900.

சென்னைப் பிள்ளைகளையும் பார்த்தேன். பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் வருடக்கணக்காக ஒதுங்கியிருந்து, 2019இல் 29 வயதில் 75ஆம் இடத்துக்கு வந்தார். அந்த ஒரு வருடம் நாலு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார். ராம்குமார் ராமநாதன் 2018இல் 111 வரை ஏறினார். நியூபோர்ட்டில் ஏடிபி இறுதியாட்டமே ஆடியவர். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் தகுதிச் சுற்றில் 20 தடவைக்கு மேல் முயன்றும் கதவு திறக்கவில்லை. 111ஆம் இடம் என்றால் உலகத்தில் அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்ய 110 பேர்தான் இருக்கிறார்கள். வேறு எந்தத் தொழிலில் அப்படி ஒருவர் அடுத்த மாதச் செலவைப் பற்றி யோசிப்பார்?

இன்னொரு செலவு இருக்கிறது, அது கணக்குப் புத்தகத்தில் வராது. எம்15 ஆட்டங்களில்கூட உலகம் முழுவதும் பந்தயம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் அந்தந்தக் கணமே பந்தய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த 2018 குழு 3,200க்கு மேற்பட்ட வீரர்களைக் கேட்டபோது 14.5 சதவீதம் பேர் ஆட்ட மோசடியைத் தாங்கள் நேரடியாக அறிந்திருப்பதாகச் சொன்னார்கள். 156 டொலருக்கு ஓடுகிறவனுடைய ஃபோனுக்கு ஒரு நாள் செய்தி வரும்: ஒரு செற்றை விட்டுக்கொடு, இவ்வளவு தருகிறோம். மாட்டினால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும், பிறகு பயிற்றுநர் வேலைகூடக் கிடைக்காது. வீட்டில் கடன் இல்லாதவனுக்கு அந்தச் செய்தியை அழித்துவிடுவது சுலபம். கடன் வாங்கிக்கொண்டு இந்த வழியில் போகவே கூடாது என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடன் என்றதும் சொல்ல வேண்டும். தகப்பனுக்கு இருப்பது அனுமதிப்பத்திரக் காணி. வங்கி அதை நம்பிப் பெரிய தொகை தராது, வாய்ப்பேச்சில் ஈடு வைத்தால் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. தாயின் நகை அடகுக்குப் போகும். நுண்கடனால் பட்ட பாடு வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனடாவில் இருக்கும் தாய்மாமன் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார், அதுதான் இந்த வீட்டின் உண்மையான முதல். மழையை நம்பி மானாவாரி விதைக்கிறவர்களே விதைநெல் முழுவதையும் ஒரே போகத்தில் கொட்ட மாட்டார்கள்.

ஆக, முதல் வழியில் 24 வயதில் மிஞ்சுவது: உயர்தரப் பெறுபேறு, நல்ல ஆங்கிலம், பயிற்றுநராகலாம் என்ற அனுபவம், கவனமில்லாவிட்டால் கோடிக் கணக்கில் ஒரு ஓட்டை.

இரண்டாவது வழி அமெரிக்கப் பல்கலைக்கழகம். அங்கே டென்னிஸ் அணிகளுக்குப் புலமைப்பரிசில் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவு அணிகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, உடற்பயிற்சி நிபுணர், வைத்தியர், பந்து, றாக்கெட், போட்டிப் பயணம் எல்லாம் பல்கலைக்கழகச் செலவில். முதல் வழியில் பொடியன் தன் கைக்காசில் வாங்க வேண்டியவற்றில் அரைவாசி இது. முந்தி இதைத் "தோற்றவர்கள் போகிற இடம்" என்று சொல்வார்களாம். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் தேசியப் பட்டம் வென்று, பிறகு 2011இல் 62ஆம் இடத்துக்குப் போனார். தமிழ்நாட்டின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2025 செப்டெம்பரில், தரவரிசையில் 600க்கு அப்பால் இருந்துகொண்டே, நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கிண்ணத்தில் தன் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தின் ஜெரோம் கிம்மை வீழ்த்தினார். முதல் 100 வீரர்களின் சராசரி வயதே இப்போது 27, 28. நாலு வருடம் படித்துவிட்டு 23இல் தொடங்கினாலும் வண்டி போய்விடாது.

இந்த இடத்தில் தகப்பன் "அப்ப அமெரிக்காதான் சேர்" என்று எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னேன். கணக்கு இனித்தான் சுவாரசியம்.

2024–25 கல்வியாண்டு வரைக்கும் முதல் பிரிவில் ஒரு ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரைப் புலமைப்பரிசில்தான், அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பங்கு போடுவார்கள். பெண்கள் அணிக்கு எட்டு. 2025 இலையுதிர் காலத்திலிருந்து ஒரு வழக்கின் இணக்கத்தால் வந்த புதிய ஏற்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அந்த உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் வரம்பு போனதால் காசு வந்துவிடாது. ஆண்கள் டென்னிஸ் அங்கே வருமானம் தரும் விளையாட்டு அல்ல. ஆகவே பாதிப் புலமைப்பரிசில் என்பது மிகச் சாதாரணம். ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த வருடச் செலவு 40,000 டொலர் என்று வைத்தால், பாதி போக மீதி 20,000. நாலு வருடத்துக்கு 80,000 டொலர், எங்கள் காசில் 2 கோடியே 40 லட்சம். ஐடிஎஃப் சொன்ன சராசரியில் இரண்டு வருடம் முழுநேரமாக உலகம் சுற்றினாலே 77,600 டொலர்தான் போகும்!

அதாவது பாதிப் புலமைப்பரிசிலோடு போகிற பல்கலைக்கழகம், பயமுறுத்துகிற முதல் வழியில் இரண்டு வருடம் போவதைவிட இந்த வீட்டுக்குக் கூடுதல் செலவு. கையில் பட்டம் மிஞ்சும், அது பெரிய வித்தியாசம். ஆனால் மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அதை வைத்து 20,000 டொலரை அடைக்க முடியாது. எனவே என் கோடு இது: முழுப் புலமைப்பரிசில், அல்லது மீதியை மாமா கடனாக இல்லாமல் கொடையாகத் தாங்கக்கூடிய அளவு. அதற்குக் குறைந்தால் பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தாலும் வேண்டாம். இரண்டாம் பிரிவில் பெயர் தெரியாத ஒரு பல்கலைக்கழகம் முழுச் செலவையும் தந்தால் அதுதான் நல்லது. (இதே இடத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தால் இவ்வளவு இழுபறி இல்லாமல் அமெரிக்கா என்று சொல்லியிருப்பேன். பெண்கள் அணிகளில் இடம் எப்போதும் தாராளம்.)

வேறு இரண்டு முள்ளும் உண்டு. பாடசாலைக் கல்வி முடிந்து அதிக காலம் சும்மா சுற்றினால் ஆடத் தகுதியான வருடங்களில் வெட்டு விழும். அவர்கள் எங்கள் சாதாரண தரத்திலிருந்து எண்ணுவார்களா, உயர்தரத்திலிருந்தா என்பதை எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பரீட்சைகள் எப்போது நடக்கும் என்பதே நிச்சயமில்லை. அடுத்தது பரிசுப் பணம். மாணவ வீரர் எவ்வளவு வாங்கலாம் என்ற விதி அங்கே வழக்குகளால் மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே "போகுமட்டும் நாலைஞ்சு எம்15 ஆடுவம்" என்று கிளம்பும் முன் செலவுச் சிட்டைகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொன்னேன். ஹோட்டல் துண்டு, ஸ்ட்ரிங் துண்டு, பஸ் டிக்கெட் உட்பட.

மூன்றாவதாகப் பொடியனே ஒரு யோசனை சொன்னான்: இரட்டையர் ஆட்டம். ரோகன் போபண்ணா 43 வயதில் 2024 ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று முதல்நிலைக்குப் போனார். ராம்குமாரே 2022இல் போபண்ணாவோடு சேர்ந்து அடிலெய்டிலும் புனேயிலும் ஏடிபி பட்டம் வென்றார். கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். உண்மைதான். ஆனால் எம்15 மட்டத்தில் இரட்டையருக்கு ஒதுக்கும் காசு ஒற்றையரைவிடக் குறைவு, அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தனி வழியாக இது தேறாது. எந்த வழியில் போனாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ள நல்லது. அமெரிக்க அணிகளும் இரட்டையர் தெரிந்தவனை விரும்பி எடுக்கும்.

நாலாவது, வேலை. இலங்கையில் விளையாட்டு வீரனுக்குச் சம்பளம் தருகிறவர்களில் முன்னுக்கு நிற்பது முப்படைகள். அணியும் உண்டு, பயிற்சியும் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. விசுவமட்டில் ஒரு தாயிடம் போய் இந்த வழியை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொடியனும் கேட்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம். கொழும்பு நிறுவனங்கள் சில, வணிக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளுக்காக ஆடத் தெரிந்தவர்களை எடுப்பதுண்டு. அது ஆட்டம் தெரிந்த எழுதுவினைஞர் வேலை. பயிற்றுநர் வேலைதான் பெறுமதி. ஐடிஎஃப் முதல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழும் ஏடிபி புள்ளி ஒன்றும் கையில் இருந்தால் மாலைதீவு விடுதிகளிலும் வளைகுடா கழகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். டொலரில் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. 24 வயதில் கையில் காசு மிஞ்சும் ஒரே வழி இதுதான் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். பொடியன் ஒன்றும் பேசவில்லை. இந்த வேலை 24 வயதிலும் கிடைக்கும், 30 வயதிலும் கிடைக்கும். அதனால் இப்போதே அதை எடுக்க அவசரமில்லை.

எல்லாவற்றையும் பார்த்து நான் சொன்னது: முதலில் அமெரிக்கா, ஆனால் என் கோட்டுக்கு மேலே மட்டும். அதற்கு ஒரு கல்வியாண்டு விண்ணப்பக் காலத்தைக் கொடுப்பது. அது சரிவராவிட்டால் மாமா கொடையாகத் தருகிற காசுக்குள், காணியையும் நகையையும் தொடாமல், ஒரு வருடம் இந்தியப் போட்டிகள். அந்த வருட முடிவில் எம்15 கால் இறுதிகளுக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தால் இன்னொரு வருடம் பேசலாம். ஒரு கால் இறுதிக்கு இரண்டு புள்ளி, கிண்ணத்துக்கு 15. இரண்டு இரண்டாகச் சேர்ந்தால்கூடப் பட்டியலில் அசைவு தெரியும். தகுதிச் சுற்றிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தால் பயிற்றுநர் சான்றிதழ். தகப்பனுக்கு இது பிடித்தது. தாய்க்கு அமெரிக்கா தூரம் என்ற கவலை. பொடியனுக்கு வரிசையை மாற்றிப்போட ஆசை, முதலில் ஒரு வருடம் ஆடிப் பார்த்துவிட்டுப் படிப்பு என்று. தகுதி வருடங்கள் வெட்டுப்படும் கதையை மறுபடியும் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான்.

இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை, ஆட்டத்தின் காணொளி தயாரிப்பது. வெட்டி ஒட்டிய அழகான அடிகள் மட்டும் இருந்தால் பயிற்றுநர்கள் நம்ப மாட்டார்கள், ஒரு முழு செற் இருக்க வேண்டும், தோற்ற செற்றாக இருந்தாலும் பரவாயில்லை. ஆட்டத் திறனை ஒரு எண்ணில் காட்டும் யூடிஆர் மதிப்பெண்ணைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். நல்ல முதல் பிரிவு அணி ஆண்களிடம் 12, 13 எதிர்பார்க்கும் என்பதால் கடிதங்களில் பாதியை இரண்டாம் பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். கடிதத்தில் கேட்க வேண்டியவையும் எழுதிக் கொடுத்தேன்: மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் தருவீர்கள், நாலு வருடத்துக்குமா அல்லது வருடந்தோறும் புதுப்பிப்பதா, கோடை விடுமுறையில் தங்குமிடம் உண்டா, பயிற்றுநர் மாறினால் என்ன ஆகும், காயம்பட்டு ஆட முடியாமல் போனால் படிப்பை முடிக்க விடுவீர்களா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.